நிறுவன அன்பளிப்பாக உயர்தரப் பேனா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நிறுவனங்களுக்கு அன்பளிப்புப் பொருள்களைத் தேர்ந்தெடுத்துத் தரும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களிலும், நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்திலும், மனிதவளத் துறையினரும் விற்பனைப் பிரிவு மேலாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நேரில் சொல்லும் பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன்.

எல்லோரும் கைபேசியில் தட்டச்சு செய்யும் காலத்தில் பேனாவைப் பரிசாகக் கொடுப்பது பொருத்தமா?

எழுதுவது குறைந்திருக்கிறது, கையெழுத்துப் போடுவது குறையவில்லை. காசோலை, ஒப்பந்தம், பத்திரப் பதிவு, குழந்தையின் பள்ளி மதிப்பெண் அட்டை என்று ஒருவர் தம் பெயரைத் தம் கையால் எழுத வேண்டிய தருணங்கள் எல்லாமே கொஞ்சம் முக்கியமான தருணங்கள். அந்த நேரத்தில் சட்டைப்பையிலிருந்து எடுப்பது யார் கொடுத்த பேனா என்பது நினைவில் நிற்கும். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு பேனாவையும் வைத்துக் கும்பிடும் வீடுகளில் பேனாவுக்கு இருக்கும் மரியாதை, வேறு எந்த மேசைப் பொருளுக்கும் இல்லை.

ஆனால் ஒன்று. அலுவலக மேசைகளின் இழுப்பறையைத் திறந்து பாருங்கள்: பெட்டியோடு கிடக்கும், எழுதாத அன்பளிப்புப் பேனாக்கள் நான்கைந்தாவது இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. உள்ளே இருந்த ரீஃபில் தீர்ந்தது, அதே அளவில் இன்னொன்று அக்கம்பக்கத்துக் கடையில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே பேனா வாங்கப் போகும்போது நிறத்தையும் பெட்டியையும் பார்க்கும் முன், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் இது எழுதுமா என்று கேளுங்கள். என் பதில்கள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றியே வருகின்றன.

பால்பாயிண்ட், ரோலர்பால், மைப்பேனா: எதைத் தேர்ந்தெடுப்பது?

பெறுபவர் யார் என்று தெரியாமல் நூறு பேருக்கு மொத்தமாகக் கொடுப்பதாக இருந்தால் பால்பாயிண்டைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அதில் இருப்பது எண்ணெய் சார்ந்த கெட்டியான மை. எந்தத் தாளிலும் எழுதும், உடனே காயும், மூடியைத் திறந்து வைத்துவிட்டாலும் உலர்ந்து போகாது, விமானத்தில் கசியாது. இடக்கையால் எழுதுபவருக்கும் இதுவே வசதி. எழுதிய வரியின் மேல் கை உரசிக்கொண்டே போவதால், ஈர மை அவருடைய உள்ளங்கை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ரோலர்பால் நீர் சார்ந்த மையில் ஓடுவது. அழுத்தாமலே எழுதும், கையெழுத்து அழகாக விழும். நாள்தோறும் நிறையக் கையொப்பமிடும் இயக்குநர், வழக்கறிஞர், தணிக்கையாளர் ஆகியோருக்கு மிகவும் பொருந்தும். மை சீக்கிரம் தீரும் என்பதும், மூடியைத் திறந்தே வைத்தால் முனை உலரும் என்பதும் அதன் குறைகள்.

மைப்பேனாவை, அதைப் பயன்படுத்துவார் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். மை நிரப்பவும், மாதத்துக்கு ஒரு முறை தண்ணீரில் அலசவும், மூடியைத் திருகி மூடவும் பொறுமை உள்ளவருக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது. அந்தப் பொறுமை இல்லாதவரிடம் அது ஆறே வாரத்தில் மை உறைந்து நின்றுவிடும். வாங்கும்போது நிப் எந்த அளவு என்று கட்டாயம் பாருங்கள். தமிழில் எழுதுபவருக்கு மெல்லிய நிப்தான் சரி. அகன்ற நிப்பால் சிறிய எழுத்தில் ‘ண’ எழுதிப் பாருங்கள்: மூன்று சுழிகளும் மையால் அடைபட்டு, எழுத்து ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். ஜப்பானியப் பேனாக்களின் மெல்லிய நிப், ஐரோப்பியப் பேனாக்களில் அதே பெயரில் வரும் நிப்பைவிடப் பொதுவாக இன்னும் மெல்லியதாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அலுவலகங்களில் புழங்கும் மலிவான நகல் தாளில் நீர் மை பரவிப் பூக்கும்; மைப்பேனாவோடு நல்ல தாள் உள்ள குறிப்பேடு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால், பேனாவின் அருமை முதல் வரியிலேயே தெரியும்.

எந்த பிராண்டு வாங்கலாம்?

செலவழிக்கக்கூடிய தொகையைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். இருந்தாலும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

நம் ஊரில் பேனா என்றதும் முதலில் வரும் பெயர் பார்க்கர். ஜார்ஜ் சாஃபோர்ட் பார்க்கர் 1888இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஜேன்ஸ்வில்லில் தொடங்கிய நிறுவனம் அது. அம்பு வடிவக் கிளிப்பைப் பார்த்தாலே அடையாளம் தெரியும்; பெறுபவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்பதே அன்பளிப்பில் அதன் பெரிய பலம். 1954இல் அறிமுகமான ஜாட்டர் பால்பாயிண்டை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். துருப்பிடிக்காத எஃகு மூடியும், தலையை அழுத்தும்போது வரும் அந்தத் தீர்மானமான ‘டிக்’ ஒலியும் எழுபது ஆண்டுகளாக மாறாமல் இருக்கின்றன. குறைந்த தொகையில் ஐம்பது பேருக்கு, நூறு பேருக்குக் கொடுக்க அதைவிட நம்பகமான பேனாவை நான் பார்த்ததில்லை.

அடுத்த படியில் கிராஸ், ஷெஃபர், வாட்டர்மேன், லாமி ஆகியவை வருகின்றன. கிராஸ் 1846இல் தொடங்கியது. மெலிந்த உடலும் திருகித் திறக்கும் அமைப்பும் அதன் அடையாளம். அதன் இயந்திரப் பகுதிக்கு வாழ்நாள் உத்தரவாதம் தருகிறார்கள். ஷெஃபரின் கிளிப்பில் இருக்கும் வெள்ளைப் புள்ளி 1924 முதல் வருவது. அமெரிக்காவில் பிறந்த அந்த பிராண்டை 2022இல் பெங்களூரைச் சேர்ந்த வில்லியம் பென் நிறுவனம் வாங்கிவிட்டது என்பதை அறிந்தால் பலர் வியக்கிறார்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவான லாமி, அலங்காரம் இல்லாத வடிவமைப்பை விரும்பும் இளைய பொறியாளர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் பிடிக்கும். 1966இல் வந்த லாமி 2000 இன்றும் புதிதாக வடிவமைத்ததுபோல்தான் தோன்றுகிறது.

மான்ட்பிளாங்க் தனிக் கணக்கு. ஹாம்பர்க்கில் தயாராகும் மைஸ்டர்ஸ்டுக் வரிசை 1924இல் தொடங்கியது. நிப்பில் பொறித்திருக்கும் 4810 என்ற எண், மான்ட் பிளாங்க் சிகரத்தின் உயரத்தை மீட்டரில் குறிப்பது. பல பத்தாயிரம் ரூபாய் விலையுள்ள அந்தப் பேனாவை, முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வு பெறும் ஒருவருக்கோ, நிறுவனத்தோடு தொடக்கம் முதல் நின்ற ஒரு பங்காளருக்கோ கொடுப்பது தகும். வாடிக்கையாளர் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் கொடுப்பது தேவையில்லாத செலவு. சில இடங்களில் சங்கடத்தையும் உண்டாக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரே விலையில் பெரிய பிராண்டின் மலிவான மாடலும், சிறிய பிராண்டின் நல்ல மாடலும் இருந்தால் எதை வாங்குவது?

கையில் எடுத்து எழுதிப் பார்த்து, நன்றாக எழுதுவதை வாங்குங்கள். பெரிய பெயர் பொறித்த, மெல்லிய பிளாஸ்டிக் உடல் கொண்ட பேனா, அந்தப் பெயரின் மதிப்பையும் உங்கள் மதிப்பையும் ஒரே நேரத்தில் குறைக்கும்.

ரீஃபிலைப் பற்றி ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

பேனாவின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. பார்க்கர் பால்பாயிண்டில் உள்ள தடித்த குட்டை ரீஃபிலின் வடிவம் காலப்போக்கில் பொது அளவாகிவிட்டது. பெலிகன், ஃபேபர்-காஸ்டெல் உள்ளிட்ட வேறு பல தயாரிப்பாளர்களின் பேனாக்களும் அதே அளவை ஏற்கின்றன. திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ இருக்கும் கிளை மேலாளருக்கு நீங்கள் அனுப்பும் பேனா இந்த அளவை ஏற்பதாக இருந்தால், அவர் ஊர்க் கடையிலேயே மாற்று ரீஃபில் வாங்கிக்கொள்வார். கிராஸின் மெல்லிய ரீஃபில், லாமியின் ரீஃபில், மான்ட்பிளாங்கின் ரீஃபில் ஆகியவை அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. அவை மோசமானவை அல்ல. ஆனால் எங்கே கிடைக்கும் என்று பெறுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மைப்பேனாவிலும் இதே நிலைதான். பெலிகன், வாட்டர்மேன் போன்றவை பொது அளவுள்ள கேட்ரிட்ஜை, அதாவது மை அடைத்து வரும் சிறு குழாயை, ஏற்கும். பார்க்கர், லாமி, கிராஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கேட்ரிட்ஜ். மைப்பேனா வாங்கும்போது, பாட்டிலிலிருந்து மை உறிஞ்சும் கன்வெர்ட்டர் பெட்டியிலேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல மாடல்களில் அது இருப்பதில்லை.

மையின் நிறத்தையும் மறக்க வேண்டாம். நீலம் அல்லது கறுப்பு மட்டும். பச்சை மை நம் நாட்டில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரிகளின் கையொப்பத்தோடு சேர்ந்தது. அன்பளிப்புப் பேனாவில் அதைப் போடுவது பொருந்தாது.

வெளிநாட்டு பிராண்டுதான் வேண்டுமா? இந்தியப் பேனாக்கள் இல்லையா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. ஆந்திரத்தின் ராஜமுந்திரியில், காந்தியடிகளின் சுதேசி அழைப்பை ஏற்று 1930களில் பேனா செய்யத் தொடங்கிய ரத்னம் குடும்பத்தினரின் மைப்பேனாக்கள் இன்றும் கிடைக்கின்றன. நம் மாநிலத்திலேயே திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் கையால் கடைசல் பிடித்துச் செய்யப்படுகின்றன. வெளிநாட்டுப் பேனா ஆர்வலர்கள் அவற்றை வரவழைத்து வாங்குகிறார்கள். சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ என்ற கடை, பல தலைமுறைகளாகப் பேனாவை விற்றும் பழுது பார்த்தும் வருகிறது. சாத்தூர் என்றால் இன்று வெள்ளரிக்காயும் காராச்சேவும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் அந்த ஊர் பெயர் பெற்றிருந்தது.

இந்தக் கைவினைப் பேனாக்களில் பல, எபோனைட்டால் ஆனவை. ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து வெகுநேரம் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய பொருள் அது. கையில் எடுத்தால் உலோகத்தின் சில்லிப்பு இருக்காது; பருமனாக இருந்தாலும் எடை தெரியாது; பிடித்த சில நொடிகளில் உள்ளங்கையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெயிலில் வைத்தால் காலப்போக்கில் கறுப்பு நிறம் பழுப்பாக மாறும் என்பதைப் பெறுபவரிடம் சொல்லிவிடுங்கள். கையால் செய்வதால் இருநூறு பேனாக்களை இரண்டு வாரத்தில் கேட்க முடியாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பத்து விருந்தினருக்கு, எங்கள் ஊரில் செய்தது என்று சொல்லிக் கொடுப்பதற்கு இதற்கு ஈடு வேறில்லை. விமான நிலையக் கடையில் கிடைக்கும் ஐரோப்பியப் பேனாவை ஐரோப்பியருக்கே கொடுப்பதில் என்ன சிறப்பு இருக்கிறது?

பேனாவில் நிறுவனச் சின்னத்தைப் பொறிக்கலாமா?

பொறிக்கலாம், ஆனால் பெறுபவரின் பெயரைப் பேனாவிலும் நிறுவனத்தின் பெயரைப் பெட்டியிலும் போடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பெரிய சின்னம் பொறித்த பேனாவை, வேறு நிறுவனத்தில் பணியாற்றும் வாடிக்கையாளர் தம் கூட்டத்தில் எப்படி வெளியே எடுப்பார்? தம் பெயர் பொறித்த பேனாவை எவரும் இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுப்பதில்லை. சின்னம் கட்டாயம் வேண்டும் என்றால், மூடியின் வளையத்திலோ கிளிப்புக்குப் பின்புறத்திலோ சிறியதாகப் போதும்.

பொறிக்கும் முறையும் பேனாவின் உடலைப் பொறுத்தது. பித்தளை உடலின் மேல் வண்ணப் பூச்சு இருந்தால், லேசர் அந்தப் பூச்சை மட்டும் எரித்து நீக்கி, அடியில் உள்ள பித்தளையைப் பொன்னிற எழுத்தாகக் காட்டும். பார்க்க மிக அழகாக இருக்கும். எஃகு உடலில் சாம்பல் நிறமாகத் தெரியும். தங்க முலாம் பூசிய பகுதியில் ஆழமாகப் பொறித்தால் முலாம் கிழியும். பிளாஸ்டிக் உடலில் ஓரங்கள் உருகக்கூடும் என்பதால் உலோக வளையத்தில் பொறிப்பதே பாதுகாப்பு. அச்சிட்ட எழுத்து விரல் வியர்வையில் சில மாதங்களில் தேயும். உயர்தரப் பேனாவுக்கு அது வேண்டாம்.

பெயரைத் தமிழில் பொறிக்க முடியுமா?

முடியும், பொறிக்கவும் வேண்டும். ஆனால் மிகுந்த கவனம் தேவை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் ஆசிரியர் தினத்துக்காக எண்பது பேனாக்களில் ஆசிரியர்களின் பெயர்களைத் தமிழில் பொறிக்கக் கொடுத்தேன். வந்த பெட்டியில் முதல் பேனாவை எடுத்தேன்: ‘கோமதி’ என்ற பெயரில், ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சங்கிலிக்கொம்பு வரும் பெயர்களிலும் அதே கதி. பொறிக்கும் இயந்திரத்தோடு இணைந்த பழைய மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கத் தெரியவில்லை. இயக்கியவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தும், அவசரத்தில் கவனிக்கவில்லை. உலோகத்தில் விழுந்த எழுத்தை அழிக்க முடியாது. இருபத்திரண்டு பேனாக்களை மறுபடி வாங்கினேன்.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் முறை இது. பெயர்களைத் தட்டச்சு செய்த எழுத்தாக அனுப்பாமல், எழுத்தின் வடிவத்தையே வரைகோடுகளாக மாற்றிய கோப்பாக அனுப்புகிறேன். அதை எந்த மென்பொருளில் திறந்தாலும் கொம்பு இடம் மாறாது. பெயரின் எழுத்துக்கூட்டலை அந்தந்த நபரிடமே உறுதி செய்துகொள்கிறேன், ஏனென்றால் ‘சரவணன்’ தம் முதலெழுத்தைத் தமிழில் போடுகிறாரா ஆங்கிலத்தில் போடுகிறாரா என்பதைப் பணியாளர் பட்டியல் சொல்லாது. பிறகு, கொம்பும் சுழியும் நிறைந்த ஒரு பெயரை முதலில் ஒரே ஒரு பேனாவில் பொறித்து அதன் படத்தை வாங்கிப் பார்த்த பின்னரே மற்றவற்றுக்கு ஒப்புதல் தருகிறேன்.

போலிப் பேனாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குவது ஒன்றே முழுப் பாதுகாப்பு. நம்ப முடியாத தள்ளுபடியில் மொத்தமாக வரும் பார்க்கரையும் மான்ட்பிளாங்கையும் தொடவே வேண்டாம். மைஸ்டர்ஸ்டுக் பேனாவின் கிளிப் வளையத்தில் வரிசை எண் பொறித்திருக்கும். உத்தரவாத அட்டையில் விற்பனையாளரின் முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். போலி என்று பெறுபவர் கண்டுபிடித்தால், அதை உங்களிடம் சொல்ல மாட்டார். அதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

வரி விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

அன்பளிப்பாகக் கொடுத்த பொருளுக்குச் செலுத்திய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே வரியையும் சேர்த்தே செலவைக் கணக்கிடுங்கள். ஒரு பணியாளருக்கு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய் வரை கொடுக்கும் அன்பளிப்பு, ஜிஎஸ்டி சட்டத்தில் வழங்கலாக, அதாவது வரிக்கு உள்ளாகும் விற்பனை போன்ற பரிமாற்றமாக, கருதப்படுவதில்லை. தொழில்முறைத் தொடர்பில் இருப்பவருக்கு ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட பலன் சென்றால் 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விலையுயர்ந்த ஒரு பேனாவே அந்த வரம்பைத் தாண்டிவிடும். வாங்கும் முன் உங்கள் தணிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

யாருக்கெல்லாம் பேனா கொடுக்கக் கூடாது?

உங்கள் கோப்பு யாருடைய மேசையில் இருக்கிறதோ அவருக்குக் கொடுக்கக் கூடாது. அரசு ஊழியர்கள் அன்பளிப்பு பெறுவதை அவர்களுடைய நடத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, கையூட்டுக் கொடுக்கும் வணிக நிறுவனமும் நேரடியாகவே குற்றத்துக்கு உள்ளாகும். மருந்து நிறுவனங்களுக்காக 2024இல் வெளியான சந்தைப்படுத்தல் நெறிமுறை, மருத்துவர்களின் சொந்தப் பயனுக்கான அன்பளிப்புகளைத் தடுக்கிறது. தனியார் நிறுவனங்களிலும் பல, தம் பணியாளர்கள் பெறும் பரிசுக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்பு என்ன என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. திருப்பி அனுப்பப்படும் அன்பளிப்பு இரு தரப்புக்கும் மனவருத்தம்.

எத்தனை நாள்களுக்கு முன் சொல்ல வேண்டும்? எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும்?

தீபாவளிக்கு என்றால் ஆறு வாரம். கடைசி இரண்டு வாரங்களில் பொறிக்கும் இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடும். பிழைகள் நேர்வதும் அப்போதுதான். நூறு பேனா தேவையானால், பெயர் பொறிக்காத ஐந்து பேனாக்களைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் விடுபட்ட ஒரு பெயராவது கடைசி நாளில் வந்தே தீரும்.

பேனாக்கள் வந்ததும் எதைச் சோதிப்பது?

ஒவ்வொரு பேனாவிலும் எழுதிப் பார்ப்பது பலருக்குத் தயக்கம். புதுப் பொருளைப் பழையதாக்குவதுபோல் தோன்றும். பால்பாயிண்டில் அந்தத் தயக்கம் வேண்டாம். ரீஃபில் முனையில் இருக்கும் மெழுகுத் துளியை நீக்கிவிட்டு, தாளில் இரண்டு சுழி சுழித்துப் பாருங்கள். தலையைப் பத்து முறை அழுத்துங்கள், முனை ஆடுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள், கிளிப்பைச் சட்டைத்துணியில் செருகி எடுங்கள். மைப்பேனாவில் மட்டும் மை தோய்க்காமல், நடுவில் பிளந்த நிப்பின் இரு பாதிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் போதும்.

சோதித்து முடித்ததும் பெட்டியில் மாற்று ரீஃபில் ஒன்றை வையுங்கள். அதன் கீழே ஒரு சிறு அட்டையில், இந்தப் பேனாவுக்கான ரீஃபிலின் பெயரையும், எங்கள் அலுவலகத்தில் கேட்டாலும் கிடைக்கும் என்ற ஒரு வரியையும் கையால் எழுதுங்கள், அந்தப் பேனாவாலேயே.